வீட்டுக்கு இணையம்: பெட்டி வாங்குவதற்கு முன்

(வவுனியா, நெளுக்குளத்தில் குடியேறி வாழும் மலையகக் குடும்பங்களின் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை. தோட்டங்களில் உள்ள எமது வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால், பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் இங்கே தருகிறோம்.)



வீட்டில் இணைய இணைப்பு எடுக்க என்னென்ன கருவி வேணும், என்னென்ன மென்பொருள் வேணும் என்று பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். சாமான் பட்டியலைச் சொல்லிவிட்டு இறங்கினால் ஐந்து நிமிசத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் பட்டியலோடு கடைக்குப் போனால், கடைக்காரர் எந்தப் பெட்டியைக் காட்டுகிறாரோ அதைத்தான் வாங்கிக்கொண்டு வருவோம். இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் மகளின் உயர்தரப் படிப்புக்கென்று நகையை அடகு வைத்து ரூட்டர் பெட்டி ஒன்று எடுத்தார்கள். வீட்டில் கொண்டுவந்து பொருத்தினால் சிக்னல் விளக்கு சிவப்பிலேயே நிற்கிறது. அதே கம்பனியின் சிம் போட்ட போன் அதே அறையில் நன்றாக வேலை செய்கிறது. பெட்டியில் பழுது கிடையாது. ஏன் அப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன். இப்ப அந்தப் பெட்டி டிவிக்கு மேல துணி போர்த்திக் கிடக்குது. அடகு மட்டும் வட்டியோடு வளருது.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். உங்கள் வீட்டுக்கு எது வந்து சேர்கிறது என்பதை முதலில் பாருங்கள். பெட்டியைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

இணையம் ஆடம்பரம் என்று ஒதுக்கிய காலம் போய்விட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடினார்கள். பாடம் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தது. போன் இருந்த வீட்டுப் பிள்ளை படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டு வாசலில் நின்றது. 2021இல் பிபிலைப் பக்கத்தில் போகிட்டியாவ என்ற சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் காட்டுப் பாதையில் நடந்து, பாறை மேல் ஏறி, சிக்னல் பிடித்துப் பாடம் படித்த படம் வெளிநாட்டுச் செய்திகளில் எல்லாம் வந்தது. நம்ம தோட்டங்களில் தேயிலை மலை உச்சிக்கு ஏறின பிள்ளைகளைப் படம் பிடிக்க அத்தனை பேர் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இன்றைக்குப் பாடசாலை திறந்திருக்கிறது. ஆனாலும் பரீட்சைப் பெறுபேறு முதலில் இணையத்தில்தான் வருகிறது. பல்கலைக்கழகத்துக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேணும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகம் ஆகி, பம்பைமடுவில் நடக்கிறது. நம்ம பிள்ளை அந்த வாசலுக்குப் போக வேணும் என்றால், அதற்கு முன்னால் ஒரு திரை வாசலைத் தாண்ட வேண்டியிருக்கு.

தொண்ணூறுகளில் வவுனியா நகரத்துக் கொமினிகேஷன் கடைகளில் வரிசையில் காத்திருந்து வெளிநாட்டில் உள்ள பிள்ளையோடு பேசியது இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். நிமிசக் கணக்கில் காசு. பேச ஆரம்பிக்க முன்னமே அழுகை வந்துவிடும், அழுத நிமிசத்துக்கும் காசு. இலங்கையில் பணம் கட்டிப் பெறும் இணையச் சேவை 1995இல் தொடங்கியது. அப்போது தேவைப்பட்டவை ஒரு கணினி, ஒரு தொலைபேசி வயர், இரண்டுக்கும் நடுவே மோடம் என்ற ஒரு சின்னப் பெட்டி. இணையம் ஓடும்போது யாரும் போன் எடுக்கக் கூடாது, எடுத்தால் அறுந்துவிடும்.

அந்த மோடம் இன்றைக்கும் இருக்கிறது, பெயர்தான் வெளியே தெரிவதில்லை. வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவது மோடம். அதை வீட்டிலுள்ள போன்களுக்கும் கணினிக்கும் பங்கிட்டுக் கொடுப்பது ரூட்டர். இப்போது இரண்டும் பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் வருகின்றன. தோட்டத்துப் பீலியை நினைத்துப் பாருங்க. ஊற்றில் தண்ணி இருந்தால்தானே பீலியில் விழும்? இங்கே வன்னியில் வந்து குளம், துருசு, வாய்க்கால் என்று பழகிவிட்டோம். குளத்தில் தண்ணி இல்லாதபோது புதுத் துருசு போட்டு வயல் விளையாது. ரூட்டர் என்பது துருசுதான்.

சரி, வீட்டுக்கு என்ன வருகிறது? நம்ம நிலைமையில் மூன்று வழி உண்டு. கையில் இருக்கும் போனின் சிம் ஒரு வழி. டவரிலிருந்து சிக்னல் எடுக்கும் 4ஜி வீட்டு ரூட்டர் இன்னொன்று. கம்பத்தில் வயராக வருவது மூன்றாவது. வயரிலும் பழைய செப்பு வயர், புதிய பைபர் என்று இரண்டு சாதி. ஆகாயத்திலிருந்து நேராக எடுக்கும் ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் ஆரம்பித்தது. வந்தபோது கருவிக்கு மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேல், மாதக் கட்டணம் பத்தாயிரத்துக்கு மேல். ஒரு பாடசாலையோ சங்கமோ சேர்ந்து யோசிக்கலாம். ஒரு குடும்பத்துக்கு இப்போதைக்கு அது வேணாம்.

முதலில் போனைப் பார்ப்போம். ஒரு பிள்ளை படிக்கிற வீட்டுக்கு, பல நேரங்களில் இதுவே போதும். போனில் ஹொட்ஸ்பொட் என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் அந்தப் போனே ஒரு சின்ன ரூட்டர் ஆகிவிடும். மடிக்கணினியை அதோடு இணைக்கலாம். புதிதாக ஒரு சாமானும் வாங்கத் தேவையில்லை. குறை என்னவென்றால் பெட்டரி சீக்கிரம் இறங்கும், போன் சுடும், அப்பா வேலைக்குப் போகும்போது இணையமும் அவர் சட்டைப் பையில் ஏறிப் போய்விடும். அந்த மூன்றாவது குறைக்காகத்தான் பலர் ரூட்டர் எடுக்கிறார்கள். அது நியாயமான காரணம்.

இப்போது அந்தச் சிவப்பு விளக்குக்கு வருவோம். நம் நாட்டில் 4ஜி ஒரே அலைவரிசையில் வருவதில்லை. 900, 1800, 2300, 2600 மெகாஹெர்ட்ஸ் என்று பல உண்டு. எண் கூடக் கூட அலை போகும் தூரம் குறையும். சுவரையும் மரத்தையும் தாண்டும் பலமும் குறையும். தூரத்துக் கோயில் திருவிழாவில் மேளம் நம்ம வீட்டுக்குள் கேட்கும், தாளம் கேட்காதே, அது மாதிரி. போன் இந்த அலைவரிசைகளில் எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். ஆனால் சில வீட்டு இணைப்புகள் உயர்ந்த அலைவரிசையில் மட்டும் கொடுக்கப்படுகின்றன. போனுக்கு மேளம் கேட்கிறது, பெட்டி தாளத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. "போனில் நாலு கோடு இருக்கு, பெட்டியும் வேலை செய்யும்" என்ற கணக்கு இங்கேதான் பிழைக்கிறது. கம்பனிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "என் வீட்டில் இந்தப் பெட்டியைப் போட்டுக் காட்டி, வேலை செய்தால் எடுக்கிறேன், இல்லாவிட்டால் திருப்பி எடுப்பீர்களா?" ஆமென்றால் எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் வந்த வழியே திரும்புங்கள்.

போனில் தெரியும் கோடுகளை நம்ப வேணாம். ஆண்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸ் போய், போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலை என்பதைத் திறந்தால் சிக்னல் பலம் என்று ஒரு எண், முன்னால் கழித்தல் குறியோடு, டிபிஎம் என்ற அளவில் இருக்கும். 4ஜியில் அது கழித்தல் 95க்குள் இருந்தால் நல்லது. 105க்கு மேல் போனால் திக்கித் திக்கித்தான் ஓடும். 115ஐத் தாண்டினால் அந்த இடத்தில் காசு செலவழிக்காதீர்கள். வீட்டுக்குள், வாசலில், யன்னலோரம், மூன்று இடத்திலும் பாருங்கள். அயல் வீட்டாரின் வேறு கம்பனி சிம்மைப் பத்து நிமிசம் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். காலை பத்து மணிக்கு ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை வீடியோ ஓட்டிப் பாருங்கள். சிக்னல் நன்றாக இருந்தும் இரவில் இழுக்கிறது என்றால், டவரில் கூட்டம் என்று அர்த்தம். அதற்கு எந்தப் பெட்டியும் மருந்தில்லை.

இங்கே நிலம் தட்டை, மலை மறைப்பதில்லை. இங்கே எதிரி தகரக் கூரையும், டவர் தூரமாக இருப்பதும். தோட்டத்தில் எதிரி மலைதான். பள்ளத்தில் இருக்கும் லயத்துக்கு டவர் அடுத்த மலையில் இருந்தாலும் ஒன்றுதான், அடுத்த ஊரில் இருந்தாலும் ஒன்றுதான். காம்பரா உள்ளே தடித்த கல்சுவர், மேலே தகரம். அங்கே ரூட்டரை உள்ளே வைக்காமல் டவர் பக்கத்து யன்னலிலோ, மழை படாதபடி இஸ்தோப்பிலோ வைத்தாலே பாதி வித்தியாசம் தெரியும். சில ரூட்டர்களுக்குப் பின்னால் வெளி அன்டனா பூட்ட இரண்டு சின்ன வாய் இருக்கும். அப்படியிருந்தால் கூரைக்கு மேல் அன்டனா போடலாம். வயர் பத்து மீற்றருக்குள் இருக்க வேணும், நீண்டால் பிடித்த சிக்னல் வயரிலேயே செத்துப்போகும். பூஸ்டர் என்று இணையத்தில் விற்கிற சாமானை மட்டும் வாங்காதீங்க. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் அதைப் பொருத்தக் கூடாது. தரம் கெட்ட பூஸ்டர் ஊரில் எல்லார் சிக்னலையும் குழப்பும்.

வயர் வழிக்கு வருவோம். செப்பு வயரில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பு வீட்டுக்கும் தொலைபேசி நிலையத்துக்கும் தூரம் கூடக் கூட மெதுவாகும். பைபர் என்பது தலைமுடி மாதிரிக் கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் ஓடுகிறது. அதற்கு வேண்டிய பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர், கம்பனியே கொண்டுவந்து பூட்டும். "வீட்டில் பழைய ஏடிஎஸ்எல் ரூட்டர் சும்மா இருக்கு, அதைப் பைபருக்குப் போடலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். நேராகப் போட முடியாது. அது செப்புக்காகப் பிறந்தது. பைபர் வந்த கம்பம் உங்கள் வீதியில் நிற்கிறதா என்று பார்த்து, நின்றால் யோசிக்காமல் அதைத்தான் எடுங்கள் என்பேன். மழைக்கும் மரத்துக்கும் அது டவர் சிக்னலைப் போல வாடாது. ஆனால் அந்த மெல்லிய வயரை ஆணி அடித்து மடிக்க வேணாம், கதவிடுக்கில் நசுக்க வேணாம். மடித்தால் உள்ளே கண்ணாடி உடையும். பெட்டியில் லொஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மினுங்கினால் வெளியே இழை அறுந்திருக்குது என்று பொருள். பத்துத் தடவை ஓவ் செய்து ஓன் செய்தாலும் வராது. கம்பனிக்குத்தான் சொல்ல வேணும். குரங்கு தொங்கி அறுத்ததாகவும் இருக்கலாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு மின் உபநிலையத்தில் பட்டு நாடு முழுக்க இருண்டதாக அமைச்சரே சொன்னார். நம்ம குரங்குகள் அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை.

மின்சாரத்தையும் சொல்ல வேணும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், மறந்திருக்க மாட்டீர்கள். ரூட்டரோ ஓஎன்டியோ பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுவது, ஏறத்தாழ பத்து வாட் குடிக்கும். அதற்கென்றே மினி யூபிஎஸ் என்று சின்ன பெட்டரிப் பெட்டி விற்கிறார்கள். மேலே 10,000 எம்ஏஎச் என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பெட்டரிக்கான கணக்கு. பெருக்கினால் 37 வாட் மணித்தியாலம். பத்து வாட் பெட்டிக்கு மூன்று மணித்தியாலம் கிடைத்தால் சந்தோசப்படுங்கள். கடைக்காரர் "எட்டு மணித்தியாலம் தாங்கும்" என்றால் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். வாங்கும்போது வோல்ட்டும் செருகும் முனையும் உங்கள் பெட்டிக்குச் சரியா என்று பார்க்க வேணும். 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட்டைக் கொடுத்தால் புகை வரும்.

அதைவிடப் பெரிய ஆபத்து இடி. வன்னியில் சித்திரை மாதத்திலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்நேரத்து இடிமுழக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மின்னல் வீட்டில் விழ வேண்டியதில்லை. தூரத்தில் விழுந்தாலும் கரண்ட் வயரிலும் செப்புத் தொலைபேசி வயரிலும் ஓடிவந்து பெட்டியைச் சுட்டுவிடும். வானம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அமர்த்துவது போதாது. செப்பு இணைப்பு என்றால் தொலைபேசி வயரையும் கழற்ற வேணும். பலர் இதை மறந்துதான் பெட்டியை இழக்கிறார்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்கு, பயமில்லை என்று நினைக்காதீங்க. அது ஆளுக்குக் கரண்ட் அடிக்காமல் காப்பது, மின்னலை மறிக்காது. தலைக்கு மேல் இடி முழங்கத் தொடங்கிய பிறகு கழற்றப் போகவும் வேணாம். பெட்டி போனால் போகட்டும்.

அடுத்தது மாதச் செலவு. விளம்பரத்தில் ஒரு விலை, பில்லில் இன்னொரு விலை. கீழே சின்ன எழுத்தில் "வரிகள் தவிர" என்று இருக்கும். 2024 ஜனவரியிலிருந்து வற் வரியே 18 சதவீதம். அதற்கு மேல் வேறு வரிகளும் உண்டு. ஆகவே "எல்லாம் சேர்த்துக் கையால் எவ்வளவு கட்ட வேணும்?" என்று கேளுங்கள். தோட்டத்தில் உள்ளவர்களுக்கு இப்படிச் சொல்றேன்: 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில் மாதம் 3,000 ரூபா பில் என்றால் இரண்டு பேருக்கு மேல் இணையத்துக்குப் போகுது. மழையில் அரைப்பேர் விழுந்த மாதத்தில் அது இன்னும் கனக்கும். அதனால் முதலிலேயே பெரிய பெக்கேஜ் போடாமல், ஒரு மாதம் ரீலோட் செய்து எவ்வளவு டேட்டா போகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எதற்கு எவ்வளவு போகும்? ஏறத்தாழச் சொல்றேன். வட்ஸ்அப்பில் குரல் மட்டும் பேசினால் ஒரு மணித்தியாலத்துக்கு 30 எம்பி அளவில். முகம் பார்த்துப் பேசினால் 300 எம்பி அளவில். சூம் வகுப்பு ஒரு மணித்தியாலம் அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேலும் போகும். யூடியூபில் 480 என்ற தரத்தில் பார்த்தால் அரை ஜிபி அளவு, அதையே 1080இல் விட்டால் பல மடங்கு. பாடம் பார்க்க 480 தாராளம். கரும்பலகை எழுத்து தெரியும். இன்னொரு திருடன், நமக்குத் தெரியாமல் ஓடுகிற அப்டேட். விண்டோஸ் அப்டேட் ஒன்றே சில ஜிபி விழுங்கும். மடிக்கணினியில் வைபை செட்டிங்கில் மீட்டர் இணைப்பு என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் பெரிய அப்டேட்டுகள் உங்களைக் கேட்காமல் இறங்குவது பெருமளவு நிற்கும்.

கணினியைப் பற்றி. நம்மில் பலர் பாவித்த மடிக்கணினிதான் வாங்குவோம், அதில் குறையில்லை. ஆனால் விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் கொடுத்த வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பழைய கணினியில் முறையாக ஏறாது. இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏறும். இந்தக் காரணத்தால் பழைய கணினிகள் இப்போது மலிவாகச் சந்தைக்கு வருகின்றன. மலிவு என்று ஓடாமல் தலைமுறையைக் கேளுங்கள். ஏற்கெனவே பழையதை வாங்கியவர்கள் எறிய வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று இலவச இயங்குதளங்கள் உண்டு. தமிழும் வரும், உலாவியும் ஓடும், பிள்ளைகளின் படிப்புக்குக் குறைவில்லை. ராம் 8 ஜிபியும், சுழலும் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டியும் இருந்தால் பழைய கணினியும் துள்ளி எழும்பும்.

போன் புதிதாக வாங்குபவர்கள் கடையிலேயே *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அது ஆணைக்குழுவில் பதிவானதா என்பதை 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்க்கலாம். ஐஎம்இஐ என்பதற்கான நான்கு ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு அந்த எண். பதிவில்லாத புதுப் போன்களை 2025 ஜனவரி கடைசியிலிருந்து வலையமைப்பில் சேர்ப்பதில்லை என்று அறிவித்தார்கள். காசைக் கொடுக்க முன்னம் பாருங்கள், கொடுத்த பிறகு பார்த்து என்ன.

மென்பொருளுக்கு அதிகம் காசு தேவையில்லை என்பதுதான் நல்ல செய்தி. குரோம் அல்லது பயர்பொக்ஸ் உலாவி இலவசம். கடிதம், கணக்கு எழுத லிப்ரேஒபிஸ் இலவசம். வைரஸ் காவலுக்கு விண்டோஸ் 11இலேயே டிபென்டர் இருக்கிறது. அதை அப்டேட்டாக வைத்திருந்தால் நம்ம தேவைக்குப் போதும். கடையில் ஐநூறு ரூபாய்க்குப் போட்டுத் தரும் திருட்டு ஒபிஸ், திருட்டு அன்டிவைரஸ் இரண்டையும் தவிருங்கள். வைரஸ் பல தடவை அந்த வழியாகத்தான் வருகிறது.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் நீண்ட காலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகினோம். பாமினியில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால், ஆங்கில எழுத்துகள் சிதறியது மாதிரி நிற்கும். வைரஸ் என்று பயந்து அழித்தவர்களும் இருக்கிறார்கள். புதிதாக எழுதும் எதையும் யுனிகோடில் எழுதுங்கள். போனில் ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்தால் போதும். விண்டோஸிலும் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. எழுதத் தெரியாத பெரியவர்கள் மைக் அடையாளத்தைத் தொட்டுப் பேசினால் தமிழில் எழுத்தாகவே வரும். நம்ம பேச்சில் கொஞ்சம் தடுமாறும், திருத்திக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு ஈ-தக்சலாவ என்ற கல்வி அமைச்சின் தளத்தைக் காட்டுங்கள், தமிழ்மொழிப் பாடங்கள் அதில் உண்டு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்களை இறக்கிக்கொள்ளலாம். 2005இல் ஆரம்பித்த நூலகம் என்ற தளத்தில் நம் நாட்டுத் தமிழ் நூல்களும் பழைய பத்திரிகைகளும் இலவசமாக இருக்கின்றன; மலையகத்தைப் பற்றியும் நிறைய உண்டு. டேட்டா மலிவான நேரத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இணையமே இல்லாமல் படிக்கலாம். சிறு பிள்ளைகளின் போனில் கூகுளின் பெமிலி லிங்க் போட்டால் எவ்வளவு நேரம், எந்தச் செயலி என்று பெற்றோர் கட்டுப்படுத்தலாம். ஆனால் போனை மூடிய அறைக்குள் கொண்டுபோகாமல் முன்வீட்டில் வைத்துப் பார்ப்பது என்ற வழக்கம், அந்தச் செயலியைவிட நன்றாக வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

ரூட்டர் வந்த அன்றே அதன் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் சொல்லை வீட்டுக்கு வந்தவர் எல்லாம் படம் எடுத்துக்கொள்ளலாம். லயத்தில் ஒரு காம்பராவில் ரூட்டர் இருந்தால் பக்கத்து இரண்டு மூன்று காம்பராவுக்கும் வைபை எட்டும். அண்ணன் தம்பி வீடு சேர்ந்து பில் கட்டுவது நல்ல யோசனை. ஆனால் பெட்டி யாருடைய அடையாள அட்டையில் எடுக்கப்பட்டதோ, அவர் பெயரில்தான் எல்லாம் போகும். தெரியாதவருக்குக் கொடுக்க வேணாம், காசுக்கு விற்கவும் வேணாம். போனுக்கு வரும் ஓடிபி எண்ணை வங்கி என்று சொன்னாலும் கம்பனி என்று சொன்னாலும் எவருக்கும் வாயால் சொல்லக் கூடாது.

தோட்டத்தில் உள்ள உறவுகளுக்கு இன்னொரு தடை இருக்கிறது, இங்கே உங்களுக்கு அது இல்லை. வயர் இணைப்புக்கு விண்ணப்பம் போட்டால் முகவரி கேட்பார்கள். லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி பல இடங்களில் இல்லை. கடிதமே தோட்ட அலுவலகத்துக்குத்தான் வருகிறது. கம்பம் நட, வயர் இழுக்க நிர்வாகத்தின் சம்மதமும் தேவைப்படும். ஒவ்வொருவராகத் துரையிடம் போய் நிற்பதைவிட, ஒரு லயமாகச் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். கிராம அலுவலரின் வதிவிட உறுதிப்படுத்தலையும் எடுத்து வையுங்கள். பத்து வீடு சேர்ந்து கேட்டால் கம்பனிக்கும் வயர் இழுக்க ஒரு காரணம் கிடைக்கும். கம்பனியிடம் முறையிட்டும் சரிவராவிட்டால் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்குச் சொல்லலாம். எந்தத் திகதியில் யாரிடம் சொன்னீர்கள், என்ன முறைப்பாட்டு இலக்கம் தந்தார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கூட்டம் தொடங்க முன்னம் ஒரு அம்மா கேட்டாங்க: "தோட்டத்துல இருக்கிற என் தாய்க்கு எழுபது வயசு. பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேச என்ன பெட்டி வாங்கிக் கொடுக்கட்டும்?" அம்மா, இப்போதைக்கு ஒரு பெட்டியும் வேணாம். அடுத்த முறை திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போறப்ப, நான் சொன்ன டிபிஎம் எண்ணை உங்க போனில காம்பரா உள்ளே ஒரு தடவை, இஸ்தோப்பில் ஒரு தடவை, பீலிக்கரையில் ஒரு தடவை பாருங்க. உங்க சிம், உங்க தங்கச்சி சிம், பக்கத்து வீட்டு சிம், மூன்றையும் பார்த்து ஒரு கடதாசியில எழுதிக்கொண்டு வாங்க. எந்த சிம், எந்த இடத்தில் கதிரை போட்டு உட்கார வைக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்றேன்.